ஏன் என்ற கேள்வி: பாலீர்ப்பு சார்ந்த வெறுப்புக் குற்றங்களும் நீதிமன்றமும்

1998 அக்டோபர் 6ஆம் தேதி இரவு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் லாரமி என்ற சிறிய பல்கலைக்கழக நகரம். மதுக்கூடம் ஒன்றிலிருந்து மாத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயது மாணவர் இரண்டு இளைஞர்களோடு வெளியே வந்தார். அவர்கள் அவரை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். மரவேலியில் கட்டிவைத்து, பெரிய கைத்துப்பாக்கியால் தலையில் மீண்டும் மீண்டும் அடித்தார்கள். பணப்பையையும் காலணிகளையும் எடுத்துக்கொண்டு உறையும் குளிரில் அப்படியே விட்டுச் சென்றார்கள். ஏறக்குறைய 18 மணி நேரம் கழித்து அவ்வழியே சைக்கிளில் வந்தவர், வேலியில் கிடந்தது சோளக்கொல்லைப் பொம்மை என்றே முதலில் நினைத்தார். நினைவு திரும்பாமலே அக்டோபர் 12 அன்று மாத்யூ மருத்துவமனையில் இறந்தார்.

கொலையாளிகள் தப்பிக்கவில்லை. ஒருவர் 1999 ஏப்ரலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டிய இரண்டு ஆயுள் தண்டனைகளைப் பெற்றார். மற்றவரை அதே ஆண்டு நவம்பரில் ஜூரிகள் குற்றவாளி என்றனர். மாத்யூவின் பெற்றோர் மரண தண்டனை வேண்டாம் என்று இசைந்ததால் அவருக்கும் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனையின் அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நீதிமன்றம் ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை: தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகத்தான் மாத்யூவைத் தேர்ந்தெடுத்தார்களா? வயோமிங் மாநிலத்தில் வெறுப்புக் குற்றச் சட்டம் கிடையாது. குற்றச்சாட்டில் ஆள்கடத்தல், கொள்ளை, கொலை ஆகியவை இருந்தன. வெறுப்பு இல்லை.

சட்டம் கேட்காத அந்தக் கேள்வியை வேறொரு தரப்பு எழுப்பியது. ‘மாத்யூ தகாத முறையில் அணுகினார், அதனால் இவர் நிலைகுலைந்து அடித்துவிட்டார்’ என்று இரண்டாவது குற்றவாளியின் வழக்கறிஞர்களே வாதிட்டார்கள். நீதிபதி பார்ட்டன் வாய்ட் அந்த வாதத்துக்கு இடமளிக்கவில்லை. மாத்யூவின் பாலீர்ப்பு அந்த அறைக்குள் நுழைந்தது கொலையாளிக்குச் சலுகை கேட்பதற்காக மட்டுமே. அரசுத் தரப்பு அதைக் குற்றத்தின் கூறாக வைக்கச் சட்டத்தில் வழியில்லை; எதிர்த்தரப்பு அதைச் சாக்காக வைக்க முயன்றது. 15 ஆண்டுகள் கழித்து, கொலைக்குப் பின்னால் இருந்தது போதைப்பொருள்தான் என்று ஒரு பத்திரிகையாளர் புத்தகமே எழுதினார். அதை ஏற்போரும் மறுப்போரும் இன்றும் சண்டையிடுகிறார்கள். அந்தச் சண்டையைத் தீர்க்க ஒரு நீதிமன்ற முடிவு இல்லை.

கூடுதல் தண்டனை தருவது வெறுப்புக் குற்றச் சட்டங்களின் முதல் பயன் அல்ல. ‘ஏன் இவரை?’ என்ற கேள்வியைக் குற்றப்பத்திரிகையில் எழுதவைத்து, சாட்சியத்தால் பதில் தேடவைத்து, தீர்ப்பில் வாய்திறந்து சொல்லவைப்பதுதான் அவற்றின் முதல் வேலை. அந்தப் பதில் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் சம்பவ இடத்துக்கு முதலில் வரும் காவலரின் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் இந்த வழக்குகள் நடந்த விதம் இரண்டையும் தெளிவாகக் காட்டுகிறது.

சட்டம் வந்த வழி

அமெரிக்கக் கூட்டரசின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றின் பெயரால் நடக்கும் வன்முறையைத் தண்டித்தது. அதிலும் பாதிக்கப்பட்டவர் வாக்களிப்பது, பொதுப்பள்ளியில் படிப்பது போன்ற ஏதேனும் ஒரு பாதுகாக்கப்பட்ட செயலில் ஈடுபட்டிருக்க வேண்டும். பாலீர்ப்பு அதில் இல்லை. 1990இல் வெறுப்புக் குற்றங்களின் கணக்கைச் சேகரிக்கச் சொல்லும் சட்டம் வந்தபோதுதான் பாலீர்ப்பு முதல்முறையாகக் கூட்டரசுச் சட்டமொன்றில் பாகுபாட்டுக்கு எதிரான சொல்லாக இடம்பெற்றது. அது எண்ணச் சொன்ன சட்டம். தண்டிக்கச் சொன்ன சட்டமல்ல.

மாத்யூ கொல்லப்பட்ட அதே 1998இல், ஜூன் மாதம் டெக்சாஸின் ஜாஸ்பர் நகரில் ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவரை வெள்ளையர் மூவர் வண்டியில் பிணைத்துச் சாலையில் இழுத்தே கொன்றனர். இருவரின் குடும்பங்களும் பத்தாண்டுகளுக்கு மேல் விடாமல் போராடின. 2009 அக்டோபர் 28 அன்று குடியரசுத் தலைவர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இருவரின் பெயரையும் தாங்கியிருக்கிறது. பாலினம், பாலீர்ப்பு, பாலின அடையாளம், உடற்குறை ஆகியவற்றின் காரணமாக உடற்காயம் ஏற்படுத்தினால் பத்தாண்டு வரை சிறை. மரணம் நேர்ந்தாலோ ஆள்கடத்தல் சேர்ந்தாலோ ஆயுள் சிறை வரை விதிக்கலாம் என்கிறது அது.

இந்தச் சட்டத்தின் இரண்டு கூறுகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, பாதிக்கப்பட்டவரின் உண்மையான பாலீர்ப்பு மட்டுமன்றி, தாக்கியவர் அவருக்கு இருப்பதாக நினைத்த பாலீர்ப்பும் போதும். 2008 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில், ஈக்வடாரிலிருந்து குடியேறிய சகோதரர்கள் இருவர் தோளில் கைபோட்டு நடந்துபோனார்கள். அவர்களைத் தன்பாலீர்ப்பு இணையர் என்று நினைத்த இருவர் வசைபாடிக்கொண்டே வந்து, புட்டியாலும் பேஸ்பால் மட்டையாலும் அடித்ததில் ஒருவர் இறந்தார். அது நியூயார்க் மாநிலச் சட்டப்படி நடந்த வழக்கு. அங்கும் இறந்தவர் யாரை விரும்பினார் என்பது வழக்குக்குத் தேவைப்படவில்லை. தாக்கியவர் என்ன நினைத்தார் என்பதே பார்க்கப்பட்டது. இந்த ஏற்பாட்டில் பெரிய கருணை இருக்கிறது. காயம்பட்டவரைக் கூண்டில் நிறுத்தி ‘நீங்கள் அப்படிப்பட்டவரா?’ என்று கேட்க வேண்டிய அவசியம் அரசுத் தரப்புக்கு இல்லை. வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில்தான் ஏராளமானோர் புகார் கொடுக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, கூட்டரசு நினைத்த வழக்கையெல்லாம் எடுத்துவிட முடியாது. மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை, மாநிலமே கேட்டுக்கொண்டது, மாநிலத் தீர்ப்பில் நீதி முழுமையாகக் கிடைக்கவில்லை, பொதுநலனுக்கு அவசியம் ஆகியவற்றில் ஒன்றையாவது நீதித்துறையின் உயர் அதிகாரி எழுத்தில் சான்றளிக்க வேண்டும். மாநிலங்கள் கைவிட்ட இடத்தில் கைகொடுக்கவே இந்தச் சட்டம் வந்தது.

எண்ணத்தைத் தண்டிப்பதா?

இச்சட்டங்களுக்கு எதிராக நேர்மையான ஒரு மறுப்பு உண்டு. அடித்ததற்குத் தண்டனை சரி. மனத்தில் இருந்த வெறுப்புக்கும் சேர்த்துத் தண்டித்தால் அது கருத்தைத் தண்டிப்பதாகாதா? பேச்சுரிமையை உயிராகக் கருதும் அமெரிக்க அரசியல் சட்டத்தின்கீழ் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வீட்டு வளாகத்தில் சிலுவையை எரித்த வழக்கில், வெறுப்பூட்டும் அடையாளங்களைத் தடைசெய்த செயின்ட் பால் நகரத்தின் சட்டத்தை 1992இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அது வெளிப்பாட்டைத் தண்டித்தது என்பதே காரணம். மறுஆண்டு விஸ்கான்சின் மாநில வழக்கில் வேறு தீர்ப்பு வந்தது. அங்கே கறுப்பின இளைஞர்கள் ஒரு வெள்ளைச் சிறுவனை நிறத்துக்காகவே தேர்ந்தெடுத்து அடித்திருந்தனர். தாக்குதல் என்பது கருத்து வெளிப்பாடு அல்ல, ஒருவரை இன்ன காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைத் தண்டனையில் கணக்கிலெடுக்கலாம் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

2000ஆம் ஆண்டின் அப்ரெண்டி தீர்ப்பு இன்னொரு கட்டுப்பாட்டைப் போட்டது. முந்தைய குற்றத் தீர்ப்பு நீங்கலாக, சட்டம் வகுத்த உச்ச தண்டனையைத் தாண்டவைக்கும் எந்த உண்மையும் ஜூரியின் முன் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். அதுவும் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வீட்டை நோக்கிச் சுட்ட ஒருவரின் வழக்குதான். நீதிபதி தாமாகவே ‘இது வெறுப்பு’ என்று முடிவுசெய்து தண்டனையைக் கூட்டுவது அதோடு முடிந்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டமும் ஓர் எல்லை வகுத்தது: குற்றஞ்சாட்டப்பட்டவரின் பேச்சும் அவர் சார்ந்த அமைப்புகளும் அந்தக் குற்றத்தோடு நேரடித் தொடர்பு இருந்தால் மட்டுமே சான்றாகும். ஒருவர் மனத்தில் எதை வேண்டுமானாலும் நினைக்கலாம். அந்த நினைப்பு ஓர் ஆளைத் தேடிப்பிடித்து அடிக்கச் செய்தால்தான் சட்டம் குறுக்கிடுகிறது.

வெறுப்புக் குற்றத்துக்குத் தனிச் சட்டம் ஏன் என்பதற்கும் இங்கேதான் பதில். கொள்ளைக்காரனுக்கு யார் பணமும் பணம்தான். வெறுப்புக்காக அடிப்பவன் அடிபட்டவரை மட்டும் அடிப்பதில்லை. அந்த ஊரில் அவரைப் போல வாழும் ஒவ்வொருவருக்கும் ‘அடுத்தது நீ’ என்று சொல்லிவிட்டுப் போகிறான். கூடுதலான அந்தக் கேட்டுக்குத்தான் கூடுதல் பொறுப்பு.

ஜூரியின் முன் உடையும் வழக்கு

2011 ஏப்ரலில் கென்டக்கி மாநிலத்தின் மலைப்பகுதியில், தன்பாலீர்ப்பாளரான இளைஞர் ஒருவரைச் சிலர் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாநிலப் பூங்கா ஒன்றுக்குப் போனார்கள். கீழே இழுத்துப்போட்டு உதைத்தார்கள். வண்டியில் ஆயுதம் தேடிய இடைவெளியில் அவர் மலைச்சரிவில் குதித்து மறைந்து உயிர் பிழைத்தார். புதிய சட்டத்தின் பாலீர்ப்புப் பிரிவு முதன்முதலாக விசாரணைக்கு வந்தது இந்த வழக்கில்தான். உடனிருந்த பெண்கள் இருவர் வெறுப்புக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததை ஒப்புக்கொண்டனர். அடித்த இருவர்மீது 2012 அக்டோபரில் விசாரணை நடந்தது. இது போதைப்பொருளும் குடியும் கலந்த தகராறு என்றது எதிர்த்தரப்பு. ஆள்கடத்தல் குற்றத்தில் இருவரையும் குற்றவாளிகள் என்ற ஜூரி, வெறுப்புக் குற்றத்திலிருந்து விடுவித்தது. உடந்தையாக இருந்தவர்கள் ஒப்புக்கொண்ட நோக்கத்தை, அடித்தவர்கள் விஷயத்தில் ஐயமற நிரூபிக்க முடியவில்லை.

புரூக்ளின் வழக்கும் இதே பாடத்தைச் சொல்கிறது. தாக்கியவர் இருவர்; இரவு ஒன்றே; இறந்தவரும் ஒருவரே. 2010இல் ஒருவர் செய்த கொலை வெறுப்புக் குற்றம் என்று தீர்ப்பாயிற்று. மற்றவரை வேறொரு ஜூரி விசாரித்தது. உயிரிழப்புக்கு அவர் பொறுப்பு என்ற அந்த ஜூரி, வெறுப்புக் குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது. செயலைக் கண்ணால் பார்த்த சாட்சி உண்டு. நோக்கத்தை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை.

மனிதர்கள் ஒரே காரணத்துக்காக எதையும் செய்வதில்லை. குடி, பணம், பழைய பகை, கூட்டாளியின் முன் வீரம் காட்டும் ஆசை எல்லாம் கலந்துதான் ஒரு தாக்குதல் நடக்கிறது. இந்தக் கலவையில் வெறுப்பு எவ்வளவு இருந்தால் போதும்? ஒஹையோ மாநிலத்தில் ஆமிஷ் சமயப் பிரிவினரிடையே எழுந்த பூசலில், எதிர்ப்பிரிவினரின் தாடியை வலுக்கட்டாயமாக வெட்டிய வழக்கு இதே சட்டத்தின்கீழ் நடந்தது. மதம் ‘குறிப்பிடத்தக்க காரணமாக’ இருந்தால் போதும் என்று ஜூரியிடம் சொன்னது பிழை என்று ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் கூறி, வெறுப்புக் குற்றத் தண்டனைகளை நீக்கியது. அந்தக் காரணம் இல்லாவிட்டால் தாக்குதலே நடந்திருக்காது என்று காட்ட வேண்டும் என்பது அதன் அளவுகோல். அது ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் குற்றமே நிகழ்ந்திருக்கக் கூடாது. மாறாக, கலிபோர்னியாவின் சட்டம் பாகுபாடு முழுமையாகவோ பகுதியாகவோ காரணமாக இருந்தால் போதும் என்கிறது. ஒரே சம்பவம் ஒரு சட்டத்தின்கீழ் வெறுப்புக் குற்றமாகும், இன்னொன்றின்கீழ் வெறும் அடிதடியாகும். சட்டத்தில் எழுதும் ஒரு சொற்றொடர் அந்த அளவுக்கு முடிவை மாற்றுகிறது.

தாமதமாகாத பார்சல்கள்

2015 மே மாதம் வர்ஜீனியா மாநிலத்தில் அமேசானின் கிடங்கு ஒன்றில், அனுப்பவேண்டிய பொருள்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவரை உடன் வேலைசெய்தவர் பின்னாலிருந்து வந்து முகத்தில் குத்தினார். தன்பாலீர்ப்பாளர்களைப் பிடிக்காது என்பதே காரணம் என்று பிறகு அவரே வாக்குமூலம் கொடுத்தார். நோக்கத்தை நிரூபிக்க இதைவிட எளிதான வழக்கு அமையாது. ஆனால் வர்ஜீனியாவின் வெறுப்புக் குற்றச் சட்டத்தில் அப்போது பாலீர்ப்பு இல்லை. மாநில அரசு வழக்கறிஞர் கேட்டுக்கொண்டதால் கூட்டரசு வழக்கைக் கையில் எடுத்தது.

இங்கே வேறொரு தடை வந்தது. இன, நிற வெறுப்பைத் தண்டிக்க அடிமைமுறையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் கூட்டரசுக்கு நேரடி அதிகாரம் தருகிறது. பாலீர்ப்புக்கு அப்படியொரு திருத்தம் இல்லை. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை வைத்தே அந்தப் பிரிவை எழுதினார்கள். ஆகவே ஒவ்வொரு வழக்கிலும் குற்றத்துக்கும் வணிகத்துக்கும் தொடர்பு காட்டியாக வேண்டும். கென்டக்கி வழக்கில் வண்டியும் நெடுஞ்சாலையும் அந்தத் தொடர்பாக அமைந்தன. வர்ஜீனியா வழக்கில் அடிபட்டவர் அப்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பது விவாதமாயிற்று. அவர் வேலையை மற்றவர்கள் பங்கிட்டுச் செய்துவிட்டார்கள், அன்றைய சரக்கு எதுவும் நேரம் தவறவில்லை, பிறகு வணிகம் எங்கே பாதித்தது என்று எதிர்த்தரப்பு கேட்டது. ஜூரி குற்றவாளி என்ற பின்பும் மாவட்ட நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தார். நான்காவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 ஜூனில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மீட்டது. வணிக வேலையில் ஈடுபட்டிருக்கும் ஒருவரைத் தாக்குவதே வணிகத்தில் குறுக்கிடுவதாகும் என்று அது கூறியது.

தன் இயல்புக்காக அடிவாங்கிய ஒரு மனிதருக்கு நியாயம் கிடைப்பது, கிடங்கிலிருந்து பெட்டிகள் நேரத்துக்குப் போயினவா என்பதைப் பொறுத்து நான்கு ஆண்டுகள் ஊசலாடியிருக்கிறது. மாநிலச் சட்டத்தில் ஒரு சொல் இருந்திருந்தால் இந்த அலைச்சலே வேண்டியிருக்காது. 2020இல் வர்ஜீனியா அந்தச் சொல்லைச் சேர்த்தது.

முதல் சில மணி நேரம்

அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு 2004 முதல் 2015 வரையான காலத்துக்கு நடத்திய ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக சுமார் 2,50,000 வெறுப்புக் குற்றப் பாதிப்புகள் நடந்ததாக மதிப்பிடுகிறது. அவற்றில் பாதிக்கு மேல் காவல்துறைக்கே போகவில்லை. எஃப்பிஐயின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில் பதிவானவை 11,862 சம்பவங்கள் மட்டுமே. ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவை பாலீர்ப்பு சார்ந்தவை. கணக்கு அனுப்பும் காவல் அமைப்புகளில் மிகப் பெரும்பாலானவை தங்கள் பகுதியில் ஒரு வெறுப்புக் குற்றமும் நடக்கவில்லை என்றே எழுதி அனுப்புகின்றன. கூட்டரசு வழக்கறிஞர்களிடம் வந்த வெறுப்புக் குற்ற விவகாரங்களிலும், 2005 முதல் 2019 வரை, ஐந்தில் நான்குக்கு மேல் வழக்காகவே மாறவில்லை. போதிய சான்று இல்லை என்பதே அதற்கு முதன்மையான காரணம்.

சான்று இல்லாமல் போவது பெரும்பாலும் தேடாததால்தான். அடிக்கும்போது என்ன வசை சொன்னார்கள்? அதை அப்படியே எழுதினார்களா, ‘வாய்த்தகராறு’ என்று சுருக்கிவிட்டார்களா? பணம் கையிலிருந்தும் எடுக்காமல் போனார்களா? சம்பவம் எந்த இடத்துக்கு வெளியே நடந்தது? தாக்கியவர் முன்பும் அங்கே வந்து நோட்டம் விட்டாரா? கைப்பேசியில் என்ன செய்தி அனுப்பினார்? இவையெல்லாம் முதல் சில மணி நேரத்தில் திரட்டப்பட வேண்டியவை. மூன்று வாரம் கழித்துக் கேட்டால் சாட்சிக்கு வசை மறந்திருக்கும், கேமராப் பதிவு அழிந்திருக்கும்.

தேடினால் கிடைக்கும் என்பதற்கு கொலராடோ ஸ்பிரிங்ஸ் வழக்கு சாட்சி. 2022 நவம்பர் 19 அன்று இரவு, பால்புதுமையினர் கூடும் ‘கிளப் க்யூ’ விடுதியில் துப்பாக்கியோடு நுழைந்தவர் ஐந்து பேரைக் கொன்றார். அவர் நடத்திய இணையதளத்தில் இருந்த நவநாஜி காணொளியையும், வானவில் பேரணி ஒன்றைத் துப்பாக்கியின் குறிநோக்கி வழியே காட்டும் படத்தை அவர் பகிர்ந்ததையும் புலனாய்வாளர்கள் நீதிமன்றத்தில் எடுத்துவைத்தனர். 2023 ஜூனில் மாநில நீதிமன்றத்தில் அவர் கொலைகளை ஒப்புக்கொண்டார். ஆனால் வெறுப்புக் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளவும் இல்லை, எதிர்த்து வாதாடவும் இல்லை. பரோலே இல்லாத ஐந்து ஆயுள் தண்டனைகள் விழுந்தன. அதற்குமேல் அவரைத் தண்டிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டிருக்கலாம். கூட்டரசு அப்படி நினைக்கவில்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. 2024 ஜூனில் அதே மனிதர் நீதிமன்றத்தில் நின்று வெறுப்புக் குற்றங்களை ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலால் அவர் சிறையில் கழிக்கும் நாள் ஒன்றும் கூடிவிடவில்லை. ஆனால் ஐந்து பேர் ஏன் செத்தார்கள் என்பது நீதிமன்றப் பதிவில் ஏறிவிட்டது. இனி எந்தப் புத்தகமும் அதை அசைக்க முடியாது.

இங்கிலாந்தின் வழி

இங்கிலாந்து நோக்கத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. குற்றம் நடந்த நேரத்திலோ அதற்குச் சற்று முன்போ பின்போ, பாதிக்கப்பட்டவரின் பாலீர்ப்பைக் குறித்துப் பகைமை வெளிப்படுத்தப்பட்டிருந்தாலும் போதும். மனத்துக்குள் என்ன இருந்தது என்று துருவுவதற்குப் பதிலாக, வாயிலிருந்து என்ன வந்தது என்று பார்க்கிறார்கள். 2005இல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாடு இப்போது 2020ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. பகைமை உறுதியானால் நீதிபதி அதைத் தண்டனையைக் கடுமையாக்கும் காரணமாகக் கொள்ள வேண்டும். அப்படிக் கொண்டதைத் திறந்த நீதிமன்றத்தில் சொல்லவும் வேண்டும். 2005 அக்டோபரில் லண்டனின் கிளாப்பம் பூங்காவில் ஜோடி டாப்ரௌஸ்கி என்ற 24 வயது இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். தாக்கியவர்கள் கத்திய வசைகளைக் கேட்ட சாட்சிகள் இருந்தார்கள். கொலையாளிகள் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதித்த நீதிமன்றம் குறைந்தது 28 ஆண்டு சிறையில் இருக்க வேண்டும் என்றது. பாலீர்ப்பு வெறுப்பைக் காரணமாக வெளிப்படையாகச் சொன்னது.

வசை சொன்னாலே வெறுப்புக் குற்றமா, ஆத்திரத்தில் யாரும் எதையும் சொல்வார்களே என்ற கேள்வி இங்கே எழும். அது நியாயமான கேள்வி. ஆனால் இந்த முறையில் வசை மட்டுமே யாரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. அடித்தது முதலில் நிரூபணமாக வேண்டும். அடித்துக்கொண்டே சொன்ன சொல்லுக்கு அடித்தவர்தான் பொறுப்பு.

நம் சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

நோக்கத்தை நிரூபிக்கும் இந்தத் துன்பம் இந்தியாவுக்குப் புதிதல்ல. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(v) பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்ற ‘காரணத்தால்’ குற்றம் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றது. 2006இல் மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியில் தலித் குடும்பத்தினர் நால்வர் கொல்லப்பட்டபோது, நீதிமன்றங்கள் அதைச் சாதிக் கொடுமை என்று ஏற்கவில்லை, பழிவாங்கல் என்றன. கொலைக்குத் தண்டனை கிடைத்தது, சாதிக்குக் கிடைக்கவில்லை. 2021இல் ஆந்திர வழக்கொன்றில் பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண்மீது நடந்த பாலியல் வன்கொடுமைக்கு ஆயுள் தண்டனையை உறுதிசெய்த உச்ச நீதிமன்றமும், சாதிதான் காரணம் என்பதற்குத் தனிச் சான்று இல்லை என்று அந்தப் பிரிவின் தண்டனையை நீக்கியது. கென்டக்கியில் நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்றே.

நாடாளுமன்றம் இந்த ஓட்டையை அந்த 2021 தீர்ப்புக்கு முன்பே கண்டது; அந்த வழக்கின் சம்பவம் திருத்தத்துக்கு முந்தையது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ‘காரணத்தால்’ என்பதை எடுத்துவிட்டு, இன்னார் என்று ‘தெரிந்தே’ செய்தால் போதும் என்றது. குற்றவாளிக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால், சாதியும் தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். தெரியாது என்று காட்டுவது குற்றஞ்சாட்டப்பட்டவர் பொறுப்பு. தலித் இயக்கங்கள் பல்லாண்டு போராடிப் பெற்ற இந்த அறிவு, பாலீர்ப்பு குறித்து நாளை எழுதப்போகும் எந்தச் சட்டத்துக்கும் பயன்பட வேண்டியது.

ஆனால் அப்படியொரு சட்டம் இன்று இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் விருப்பத்தோடு கொள்ளும் தன்பாலுறவு குற்றமல்ல என்றது. குற்றவாளிகள் என்ற முத்திரை நீங்கியது. குற்றத்திலிருந்து பாதுகாப்பு வரவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி இனம், சாதி, பால், மொழி போன்ற காரணங்களால் நடத்தும் கும்பல் கொலைக்குத் தனிப் பிரிவு வைத்தது. அதில் பாலீர்ப்பு பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. தனியொருவரோ நால்வரோ அடித்தால் அந்தப் பிரிவே பொருந்தாது. தன்பாலுறவைக் குற்றமாக்கியிருந்த பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை முழுவதுமாக விட்டுவிட்டதால், வயதுவந்த ஆண் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானால் அதற்கென்று ஒரு பிரிவும் இல்லை. காயம், மிரட்டல் போன்ற பொதுப் பிரிவுகளில்தான் வழக்குப் போட வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம் திருநங்கைகள், திருநம்பிகள்மீதான பாலியல் வன்முறை உள்ளிட்ட கொடுமைகளுக்கு விதிக்கும் தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரைதான்.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல தொடக்கம் நடந்திருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு காவல்துறைக்குத் தெளிவான வழிகாட்டுதலைத் தந்தது. அதைத் தொடர்ந்து 2022இல் காவலர் நடத்தை விதிகளில் தமிழ்நாடு அரசு திருத்தம் செய்தது. பால்புதுமையினரையும் அவர்களுக்காகப் பணிபுரிவோரையும் எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அந்த விதி. துன்புறுத்தாதே என்பது முதல் படி. புகாரைக் காதுகொடுத்துக் கேள், கேட்டதை அப்படியே எழுது என்பது இனி வரவேண்டிய படி.

வேண்டியவற்றைப் பட்டியலிடுவது கடினமல்ல. பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கும் பிரிவு வேண்டும். தாக்கியவர் நினைத்த பாலீர்ப்பும் அதில் அடங்க வேண்டும். நோக்கம் முழுக் காரணமாக இல்லாவிட்டாலும் பகுதிக் காரணமாக இருந்தால் போதும், அல்லது தாக்கும்போது பகைமை வெளிப்பட்டிருந்தாலும் போதும் என்று எழுத வேண்டும். பாதிக்கப்பட்டவரின் அணுகுமுறையைச் சாக்காக வைத்துத் தண்டனையைக் குறைக்கும் வாதத்தைக் கலிபோர்னியா 2014இல் சட்டம்போட்டுத் தடுத்ததுபோல இங்கும் தடுக்க வேண்டும். அடையாளம் வெளியே தெரியாமல் சாட்சி சொல்லும் ஏற்பாடு வேண்டும். தீர்ப்பில் காரணத்தைச் சொல்லும் கடமை நீதிபதிக்கு வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் நாடாளுமன்றமும் சட்டமன்றமும் கூடும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று உண்டு. இன்று இரவு ஏதோ ஒரு காவல் நிலையத்தில் அடிபட்ட ஒருவர் வந்து நிற்பார். அவரிடம் ‘அடிக்கும்போது என்ன சொன்னார்கள்?’ என்று கேட்டு, சொன்னதை முதல் தகவல் அறிக்கையில் சொல் மாறாமல் எழுத எந்தப் புதிய சட்டமும் வேண்டாம். காவல் துறையில் இருப்பவர்கள் அந்த ஒரு வரியை விடாமல் எழுதுங்கள். உடன் செல்லும் வழக்கறிஞர்களும் நண்பர்களும் அது எழுதப்படும் வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.